மூக்கு வழியாக வந்த பால்

எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் எந்தப் பிள்ளை இருமினாலும் கையைப் பிடித்து முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்துப் போய்விடுவாள். ஒரு கையில் கரண்டி. அதன் காம்பால் நாக்கை அழுத்தி, "ஆ'ன்னு தொற, இன்னும் தொற" என்று தொண்டைக்குள் எட்டிப் பார்ப்பாள். எங்களுக்குக் குமட்டிக்கொண்டு வரும். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதெல்லாம் பிறகுதான். தொண்டையில் வெள்ளை படிந்திருக்கிறதா என்பதுதான் அவளுக்கு முதல் கேள்வி. இல்லை என்று தெரிந்ததும், "போ, சளிதான்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவாள். நாங்கள் அதை அப்பத்தாவின் கிறுக்குகளில் ஒன்றாக வைத்திருந்தோம்.

எம்.எஸ்.சி. நுண்ணுயிரியல் முதலாண்டில், 2015இல், தொண்டை அடைப்பான் பாடம் வந்தது. டிப்தீரியா. தொண்டையில் சாம்பல் வெள்ளையில் ஒரு சவ்வு படரும், பிய்த்தால் ரத்தம் வரும் என்று மேடம் படம் காட்டினார். எனக்குக் கரண்டிக் காம்பு நாக்கில் பட்டது போலிருந்தது. மேடம் அடுத்துச் சொன்னதுதான் இன்றுவரை என்னை விடவில்லை. "ஆளைக் கொல்றது இந்தக் கிருமி இல்லம்மா, இது விடுற விஷம். அந்த விஷத்தைச் செய்யத் தெரிஞ்ச மரபணுவும் இந்தக் கிருமியோட சொந்தம் கிடையாது. அதுக்குள்ள குடியிருக்கிற வைரஸோடது."

அந்த வார விடுமுறையில் ஊருக்குப் போனபோது கேட்டேன். "அப்பத்தா, தொண்டைல வெள்ள போட்டுருக்கான்னு பாப்பியே, அது எதுக்கு?"

அவள் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒங்கப்பனுக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சுல்ல" என்றாள்.

அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்து செத்துப்போனதாகத் தெரியும். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. செல்லம். நாலு வயது. 1961, தை மாதம். நாலு நாள் காய்ச்சல், கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, வாயில் ஒரு நாற்றம், தொண்டையில் வெள்ளை. டவுனுக்கு மாட்டு வண்டியில் தூக்கிப் போயிருக்கிறார்கள். டாக்டர் ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். சவ்வு உதிர்ந்தது, காய்ச்சல் விட்டது, பிள்ளை கஞ்சி குடித்தது.

"தொண்ட தேறிருச்சுத்தா. எல்லாரும் பொழச்சிருச்சுன்னுதான் சொன்னாக. ஆனா பால் குடுத்தா மூக்கு வழியா வந்துச்சு. பேசுனா மூக்கால பேசுச்சு, நாங்கூட வெளையாட்டுக்குப் பேசுதுன்னு சிரிச்சேன். பத்து நா இருக்கும். காலைல எந்திரிச்சு நின்னுச்சு. அம்மான்னுச்சு. அப்படியே சரிஞ்சு விழுந்துருச்சு. அம்புட்டுத்தேன்."

நோய் சரியான பிறகு பிள்ளை ஏன் செத்தது என்பதுதான் ஐம்பது வருடங்களாக அவளுக்குப் புரியாதது. சாமி குத்தம் என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள். யாரோ கண் வைத்தார்கள் என்றார்கள்.

எனக்குப் புரிந்தது. பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மூன்று நாள் முன்புதான் கோடு போட்டுப் படித்திருந்தேன். மேலண்ண நரம்பு செயலிழந்தால் குடிப்பது மூக்கில் வரும், குரல் மூக்கொலியாகும். இரண்டாவது வாரத்தில் இதயத் தசை பழுதாகலாம், தேறியது போலத் தெரியும் குழந்தை திடீரென்று இறக்கலாம். அதில் ஒரு வரியும் மாறாமல், எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா வெற்றிலை கிள்ளியபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த முரணைத்தான் 1884இல் ஃப்ரீட்ரிஷ் லோஃப்லரும் பார்த்தார். ராபர்ட் கோஹ்வின் உதவியாளர் அவர். தொண்டை அடைப்பான் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் கினிப் பன்றிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். விலங்குகள் செத்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள் கெட்டிருந்தன, கிருமியோ ஊசி போட்ட இடத்தை விட்டு நகரவே இல்லை. அப்படியானால் அது ஏதோ ஒரு விஷத்தைச் செய்து ரத்தத்தில் அனுப்பியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதினார்: நோயே இல்லாத ஒரு குழந்தையின் தொண்டையிலும் இதே கிருமி கிடைத்தது. தன் கண்டுபிடிப்பையே சந்தேகத்துக்குள்ளாக்கும் தகவலை அதே கட்டுரையில் வைத்த அந்த நேர்மைக்காக எனக்கு லோஃப்லரைப் பிடிக்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் எமீல் ரூவும் அலெக்ஸாந்தர் யெர்சினும் கிருமி வளர்ந்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார்கள். கிருமி மேலே தங்கிவிட்டது. கீழே இறங்கிய தெளிந்த நீரை ஏற்றியபோதும் விலங்குகள் அதே விதத்தில் செத்தன. விஷம் நிஜம். ஆனால் லோஃப்லரின் அந்த ஆரோக்கியமான குழந்தை? அந்தக் கேள்வி அறுபது வருடங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கிருமிகளில் ஒன்று விஷம் செய்கிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது. ஏன்?

1951இல் அமெரிக்காவின் சியாட்டிலில் விக்டர் ஃப்ரீமன் விஷமில்லாத டிப்தீரியா கிருமிகளின் மீது ஒரு பாக்டீரியோஃபேஜை, அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை, விட்டார். பெரும்பாலான கிருமிகள் வெடித்துச் செத்தன. தப்பிப் பிழைத்தவற்றை எடுத்துச் சோதித்தால் அவை விஷம் செய்தன. நேற்றுவரை சாதுவாக இருந்தது இன்று கொல்கிறது.

நடந்தது இதுதான். சில ஃபேஜ்கள் பாக்டீரியாவுக்குள் நுழைந்தவுடன் அதைக் கொல்வதில்லை. தங்கள் டி.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வுக்கு நடுவில் செருகிக்கொண்டு கமுக்கமாக உட்கார்ந்துவிடும். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதுவும் நகலெடுக்கப்படும். வாடகைக்கு வந்தவன் பட்டாவில் பேர் சேர்த்துக்கொண்ட மாதிரி. அப்படி வந்தவன் கொண்டுவந்த பெட்டியில்தான் 'டாக்ஸ்' என்ற விஷ மரபணு இருந்தது. 1971இல் உச்சிடா, கில், பாப்பன்ஹைமர் மூவரும் இதை ஐயமில்லாமல் நிறுவினார்கள். ஃபேஜின் மரபணுவில் பிறழ்வு உண்டாக்கினால் பாக்டீரியா செய்யும் விஷமும் பிறழ்ந்து வந்தது. ஆகவே விஷத்தின் செய்முறை எழுதியிருப்பது ஃபேஜில்தான்.

இது டிப்தீரியாவோடு முடிகிற கதை இல்லை. காலராவின் நச்சு மரபணுவையும் ஒரு ஃபேஜ்தான் சுமக்கிறது என்று 1996இல் வால்டரும் மெக்கலனோஸும் காட்டினார்கள். ரத்தபேதி உண்டாக்கும் சில ஈ.கோலை வகைகளின் நச்சும் அப்படித்தான். மனிதர்களைக் கொன்ற கிருமிகளில் பல கடன் வாங்கிய கத்தியால்தான் கொன்றிருக்கின்றன.

ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இரும்பு. விஷத்தைத் தயாரித்துத் தடுப்பு மருந்துக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது: ஒரு தொகுதியில் விஷம் நிறைய வரும், அடுத்ததில் வரவே வராது. 1936இல் பாப்பன்ஹைமரும் ஜான்சனும் காரணம் இரும்பு என்று கண்டார்கள். வளர்ப்புத் திரவத்தில் துளி இரும்பு கூடினால் போதும், கிருமி செழித்து வளரும், விஷம் செய்யாது. இரும்பு தீர்ந்தால்தான் விஷம். எப்படி என்பது புரிய 1990 வரை ஆனது. டி.டி.எக்ஸ்.ஆர். என்றொரு புரதம். இரும்பு கிடைக்கும்போது அது இரும்போடு சேர்ந்து விஷ மரபணுவின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது, யாரும் அதைப் படிக்க முடியாது. இரும்பு குறைந்ததும் அது எழுந்து போய்விடுகிறது, வாசல் திறக்கிறது. நம் உடலில் இரும்பு எல்லாவற்றையும் புரதங்கள் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதால், கிருமிக்குத் தொண்டை ஒரு பஞ்சப் பிரதேசம்.

இதில் வேடிக்கை, அந்த வாயிற்காப்போன் ஃபேஜுடையவன் இல்லை. பாக்டீரியாவின் சொந்த மரபணுவிலிருந்து வருகிறவன். விஷம் குடித்தனக்காரனுடையது, சாவி வீட்டுக்காரனிடம். பாக்டீரியா தனக்குப் பசிக்கும்போது மட்டும் அதைத் திறக்கிறது. இரண்டு பேரும் எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தால் இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

வெளியே வரும் விஷம் நம் செல்லுக்குள் புகுந்து ஒரே ஒரு வேலை செய்கிறது. புரதம் கட்டும் இயந்திரத்தில் ஈ.எஃப்.-2 என்றொரு உறுப்பு உண்டு. அதில் டிப்தமைட் என்ற ஒரு விசேஷமான புள்ளி. அந்தப் புள்ளியில் ஒரு மூலக்கூறுத் துண்டை ஒட்டவைத்துவிடுகிறது. அவ்வளவுதான், செல் அதன் பிறகு ஒரு புரதமும் கட்ட முடியாது. உள்ளே போவது ஒரே ஒரு மூலக்கூறு என்றாலும் ஒரு செல்லைக் கொல்லப் போதும் என்று 1978இல் காட்டியிருக்கிறார்கள். டிப்தமைட் என்ற பெயரே டிப்தீரியாவிலிருந்து வந்தது. இந்த நோய் வராதவர்களின் ஒவ்வொரு செல்லிலும் இதன் பெயர் எழுதியிருக்கிறது.

செல்லத்தின் தொண்டை தேறியபோது விஷம் ஏற்கனவே இதயத்துக்கும் நரம்புகளுக்கும் போய்விட்டிருந்தது. டாக்டர் போட்டது என்ன ஊசி என்று இப்போது தெரிந்துகொள்ள வழியில்லை. பென்சிலின் என்றால் அது கிருமியைக் கொல்லும், விஷத்தைத் தொடாது. விஷமுறி மருந்துகூட ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் பிடிக்கும். செல்லுக்குள் போனதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இதை அப்பத்தாவுக்கு முடிந்தவரை சொன்னேன். சாமி குத்தம் இல்லை, கண் இல்லை, விஷம் என்று. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, "எனக்குத் தெரியும் யார் குடுத்ததுன்னு" என்றாள்.

கீழவீடு. தாத்தாவின் தம்பி வீடு. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் நிலத் தகராறு என்றுதான் பதில் வந்திருக்கிறது. நிலம் காரணமே இல்லை. கமர்கட்டு. அந்த வீட்டுப் பையனுக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பெரியப்பா முறை. அவனுக்கும் அந்த வாரம் தொண்டை வலி. சட்டைத் துணியில் வைத்துக் காக்காக்கடி கடித்துச் செல்லத்துக்குப் பாதி கொடுத்ததை அப்பத்தா கண்ணால் பார்த்திருக்கிறாள். அவன் நாலு நாளில் எழுந்து ஓடினான். இவள் பிள்ளை போய்விட்டது. துக்கத்துக்கு வந்த கொழுந்தன் பெண்டாட்டியைப் பார்த்து அப்பத்தா என்ன சொன்னாள் என்பதை என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தண்ணீர் இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கையில் புதிதாகக் கிடைத்த அறிவு. ஐம்பத்து நான்கு வருடப் பகையை ஒரே மதியத்தில் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

சொன்னேன். அந்தக் கிருமி நல்லாயிருக்கிற ஆள் தொண்டையிலும் இருக்கும் அப்பத்தா, நோய் காட்டாமல் மாதக்கணக்காய் இருக்கும். பெரியப்பாவுக்கு வந்தது சாதாரணத் தொண்டை வலியாய்க்கூட இருந்திருக்கலாம். விஷமில்லாத கிருமியாக ஒருத்தர் தொண்டையில் இருந்ததற்கு இன்னொரு இடத்திலிருந்து வைரஸ் வந்து விஷம் ஏறியிருக்கலாம். யார் கொடுத்தார் என்று கேட்டால் யாரென்றும் சொல்ல முடியாது. ஊரில் யாராகவும் இருக்கலாம்.

"நல்லாருக்கவுக தொண்டையிலயுமா?"

"ஆமா."

"அப்ப என் தொண்டையிலயும் இருந்திருக்குமா?"

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பரீட்சைத் தாளில் எழுதுகிற மாதிரி, "இருந்திருக்கலாம்" என்றேன்.

அப்பத்தா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டாள். "கறியக் கடிக்க முடியலன்னு சொல்லும். நாந்தேன் மென்னு மென்னு ஊட்டுவேன்" என்றாள்.

அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு நான் எத்தனையோ தடவை, அப்படி இல்லை, வாய்ப்பு ரொம்பக் குறைவு, நீ காரணமில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "சரித்தா, சரித்தா" என்பாள். கீழவீட்டைத் திட்டுவது நின்றுபோனது. அம்மாவுக்கு அது ஆச்சரியம். "என்னடி சொன்ன ஒங்கப்பத்தாட்ட, மனசு மாறிருச்சு போலயே" என்றார். மனசு மாறவில்லை என்று எனக்குத் தெரியும். பகை போவதற்கு வேறு இடம் கிடைத்துவிட்டது.

படிப்பு முடிந்து தென் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் ஏழு வயதுப் பையன் ஒருவனின் தொண்டை ஸ்வாப் வந்தது. கழுத்து காளை மாட்டுக் கழுத்து மாதிரி வீங்கியிருப்பதாக வார்டிலிருந்து சொன்னார்கள். ஆல்பர்ட் சாயம் போட்டுப் பார்த்தால் பச்சைக் குச்சிகள், முனைகளில் கருநீலப் பொட்டு. சீன எழுத்து மாதிரி கிடக்கும் என்று புத்தகம் சொல்லும். எனக்குக் கொட்டிப்போன தீக்குச்சிகள் மாதிரிதான் தெரிந்தது. டெல்லுரைட் தட்டில் கறுப்புப் புள்ளிகளாக வளர்ந்தது. கிருமி அதுதான். ஆனால் அதற்குள் குடித்தனக்காரன் இருக்கிறானா இல்லையா? நுண்ணோக்கிக்கு அது தெரியாது. எலெக் சோதனை செய்ய வேண்டும், அல்லது பி.சி.ஆரில் டாக்ஸ் மரபணுவைத் தேட வேண்டும். இரண்டுமே எங்களிடம் கிடையாது, வெளியூருக்கு அனுப்பினோம். விஷமுறியும் கையிருப்பில் இல்லை. அதைக் குதிரைகளின் ரத்தத்திலிருந்து எடுக்க வேண்டும். நோய் குறைந்ததால் தேவை குறைந்து, தேவை குறைந்ததால் செய்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். டாக்டர் நாலு ஊருக்கு போன் போட்டு, ராத்திரி பஸ்ஸில் ஐஸ் பெட்டியில் வரவைத்தார். நல்ல டாக்டர்கள் ஆய்வக முடிவுக்குக் காத்திருப்பதில்லை, காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விஷம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

டாக்ஸ் மரபணு உண்டு என்று முடிவு வந்தபோது பையன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்று வாரம் கழித்து அவன் அம்மா திரும்பவும் வந்தார். தண்ணி குடிச்சா மூக்குல வருது மேடம், என்றார். எனக்குக் கை நடுங்கியது. இதயத் துடிப்பைப் பதிவெடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் சாப்பிடப் போனேன். ஒரு மாதத்தில் அதுவும் சரியாயிற்று. அவனுக்கு ஒன்றரை வயதுக்குப் பிறகு எந்த ஊசியும் போடவில்லை. ஐந்து வயதில் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசியை, காய்ச்சல் வரும் என்று தள்ளிப்போட்டு மறந்துவிட்டார்கள். பெரிய கொள்கை எதிர்ப்பெல்லாம் இல்லை. மறதி. 2016இல் மலப்புரத்தில் இந்த நோய் பரவி உயிர்கள் போனபோது தடுப்பூசி எதிர்ப்பாளர்களைப் பற்றி நிறைய எழுதினார்கள். நான் ஆய்வகத்தில் பார்த்தது பெரும்பாலும் மறதியைத்தான்.

அந்தத் தடுப்பூசி கிருமிக்கு எதிரானதும் இல்லை. விஷத்தை ஃபார்மலின் போட்டு முடமாக்கி, அதையே உடம்புக்கு அறிமுகப்படுத்துவது. 1923இல் கஸ்தோன் ரமோன் கண்ட வழி. ஊசி போட்டவர் தொண்டையிலும் கிருமி குடியிருக்கலாம், அவரை விஷம் தொடாது. பிற்பாடு ஃபார்மலின்கூட வேண்டாத ஒரு விஷம் கிடைத்தது. ஃபேஜில் பிறழ்வு உண்டாக்கிக்கொண்டே போனபோது வந்த ஒன்று. 535 அமினோ அமிலங்களில் 52ஆவது மட்டும் மாறியிருக்கும், கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமிக் அமிலம். அந்த ஒரு மாற்றத்தில் விஷம் செத்துவிட்டது, உருவம் அப்படியே இருக்கிறது. சி.ஆர்.எம்.197 என்று பெயர். இன்று குழந்தைகளுக்குப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசியில் நிமோனியாக் கிருமியின் சர்க்கரைத் துண்டுகளைச் சுமந்து செல்வது இந்தப் பல் பிடுங்கிய விஷம்தான்.

அண்ணன் மகளுக்கு அந்த ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று, தொடை வீங்கிப் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. அப்பத்தாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. "எந்த ஊசி?" என்றாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். ஏற்கனவே ஒரு தடவை சொல்லிச் செய்ததே போதும் என்று, "சளிக்குப் போடுறது அப்பத்தா" என்றேன்.

"தொண்டைக்குப் போடுறது?"

"அதுவும் போட்டாச்சு. இன்னும் ஒன்றரை வயசுல, அஞ்சு வயசுல, பத்துல, பதினாறுல இருக்கு."

"எழுதி வையி. மறந்துருவாக."

காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்தேன். அவள் அதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினாள்.

பிள்ளை இரவில் ஒரு தடவை இருமியது. அப்பத்தா எழுந்து டார்ச்சைத் தேடினாள். அண்ணியின் மடியில் கிடந்த பிள்ளையை நோக்கிக் குனிந்தாள். 2019 அது, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள யாரும் நம்மிடம் சொல்லியிராத காலம். அவள் சேலை முந்தானையை இழுத்து வாயை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கைக்கெட்டும் தூரத்தை விடக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, என்னிடம் கரண்டியை நீட்டினாள்.

"நீ அமுக்கு. நான் இங்கிட்டிருந்தே பாக்கேன்."